இருட்டியதும் ஜன்னல் திரை காட்டிக்கொடுக்காமல் இருக்க

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, குப்பை கொட்டப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். வெள்ளைத் திரைக்குப் பின்னால் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சட்டை என்பது வரை தெரிந்தது! பகலில் அதே திரை வழியாக ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் அம்பலம். ஜன்னலில் ஒட்டும், கண்ணாடிபோல் மின்னும் ஒருவழி ஃபிலிமும் இப்படித்தான். பகலில் காக்கும், விளக்கு போட்டதும் கைவிடும்.

அதனால் முதலில் எல்லா விளக்கையும் போட்டு, வீட்டில் ஒருவரை நடமாடச் சொல்லிவிட்டு, வெளியே போய் நின்று பாருங்கள்.

துணி வாங்கும்போது பின்னால் கைபேசி டார்ச்சை அடித்து, நடுவில் விரலை ஆட்டுங்கள். விரல் தெரிந்தால் ஆளும் தெரியும். மெல்லிய திரையை விட மனமில்லையா, சரி, அதன் பின்னால் அடர்த்தியான இன்னொன்று தொங்கட்டும். திரைக் கம்பி ஜன்னல் சட்டத்தைத் தாண்டி இருபுறமும் 15 செ.மீ. நீண்டால் ஓரத்து இடுக்கு மறையும். சுருள் திரையில் இந்த இடுக்குதான் பெரிய தொல்லை.

அப்புறம் விளக்கு. அது உங்களுக்குப் பின்னாலும் ஜன்னல் உங்களுக்கு முன்னாலும் இருந்தால் திரையில் நிழற்கூத்துதான். நான் மேசை விளக்கை ஜன்னல் சுவர் ஓரமாகவே தள்ளிவிட்டேன்.

குளியலறைக்குப் பனிக்கண்ணாடி ஃபிலிம் போதும், இரவிலும் மங்கலாகவே காட்டும். ஆனால் கண்ணாடியை ஒட்டி நிற்காதீர்கள்.