சரக்கடிச்சா பழம் காப்பாத்துமா? சைடிஷ் தட்டுல நாம பண்ற தப்புங்க

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி லாட்ஜ் ரூம்ல உக்காந்திருந்தோம், மாப்ளையோட பங்காளிப் பையன் ஒருத்தன் ஒரு குவார்ட்டர முடிச்சிட்டு கமலா ஆரஞ்சு நாலு உரிச்சு வரிசையா உள்ள தள்றான், தோலையும் விடல, மடக்கி மடக்கி நாக்குல பீச்சிக்கிறான். ஏன்டான்னா "பழம் போனா சரக்கு கரைஞ்சிரும் மாமா, அரை மணி நேரத்துல வண்டி எடுத்துருவேன்"ங்குறான். சாவிய புடுங்கி என் பையில போட்டுட்டேன், அதுக்கு ஒரு மணி நேரம் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தான்.

கணக்க பாருங்க. குவார்ட்டர்னா 180 மில்லி, நம்ம ஊர் பிராந்தி விஸ்கில 42.8 சதவீதம் ஆல்கஹால், அப்ப சுத்த ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். நம்ம ஈரல் மணிக்கு ஏழுல இருந்து பத்து கிராம்தான் எரிக்கும். ஆறு மணி நேரத்துக்கு கொறையாது, பல பேருக்கு எட்டும் ஆகும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம தாண்டினா சட்டப்படி வண்டி ஓட்டக்கூடாது, பத்து மணிக்கு குடிச்சவன் விடியக்காலை முகூர்த்தத்துக்கு எந்திரிக்கிறப்பவும் அந்த கோட்டுக்கு பக்கத்துலதான் நிப்பான்.

ஆனா பழக் கதை முழுப் பொய்யும் இல்ல, அதான் வில்லங்கமே. பழத்துல இருக்குற ஃப்ரக்டோஸ் சர்க்கரை ஆல்கஹால் எரியுற வேகத்த கொஞ்சம் கூட்டும். கட்டட வேலைல கலவைச் சட்டி மேல போனா காலிச் சட்டி கீழ வந்தாத்தான அடுத்த கலவை போகும், அதே மாதிரி ஈரல்ல ஆல்கஹால ஒடைக்கிறப்ப என்ஏடின்னு ஒரு பொருள் ரொம்பிப் போயிடும், அது காலியாகி திரும்ப வந்தாத்தான் வேலை நடக்கும், ஃப்ரக்டோஸ் அத கொஞ்சம் சீக்கிரம் காலி பண்ணிக் குடுக்குது. ஆனா சோதனைல ஆளுக்கு குடுத்தது 70, 100 கிராம்னு சுத்த ஃப்ரக்டோஸ். 100 கிராம் ஆப்பிள்ல இருக்குறதே ஆறு கிராம்தான், அந்த அளவுக்கு ஒரு கிலோவுக்கு மேல ஆப்பிள் தின்னணும், வயிறு உப்பி கக்கூஸ்லயே குடியிருக்க வேண்டியதுதான், யூரிக் ஆசிட்டும் ஏறும். அப்படியும் ஆளாளுக்கு பலன் மாறுது. நாலு ஆரஞ்சு எந்த மூலைக்கு?

அடுத்த தப்பு, வெறும் வயித்துல தர்பூசணியும் அன்னாசியும் ரெண்டு துண்டு போட்டுட்டு "சாப்ட்டாச்சு"ன்னு ஆரம்பிக்கிறது. ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடல்லதான் ரத்தத்துல ஏறுது, இரைப்பைல சாப்பாடு கெடந்தா அது மெதுவா எறங்கும், போதை உச்சியும் கொறையும். முட்டை, கறி, சுண்டல், சோறு இதெல்லாம் வயித்துல நின்னு மெதுவா போகும், பழம் வேகமா போயிடும். குடிக்கிறதுக்கு முன்னாடி சாப்பாடுதான் சாப்பாடு, மாங்கா பத்தைல மொளகாப்பொடி தூவி வெச்சிருக்கறது வாய்க்கு.

சரக்குல ஜூஸ் ஊத்தினா பவர் கொறையும்ங்கறதும் இதே ரகம், இனிப்புல காரம் தெரியாம ரெண்டு ரவுண்டு கூடத்தான் போகும். ஓட்காவுல ஊற வெச்ச தர்பூசணி இன்னும் மோசம், எத்தனை மில்லி போச்சுன்னு அளவே கெடையாது.

மாத்திரை சாப்பிடறவங்க இத கவனிங்க. கனடாவுல ஒரு பிரஷர் மாத்திரையும் ஆல்கஹாலும் சேர்ந்தா என்ன ஆகும்னு பாக்கப் போனாங்க, 1989ல வெளிவந்த ஆய்வு, ஆல்கஹால் ருசி தெரியாம இருக்க கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்ல, ஆரஞ்சு ஜாதிப் பழம்) ஜூஸ்ல கலந்து குடுத்தாங்க. கடைசில பாத்தா ஆல்கஹால் குடிச்சவன் குடிக்காதவன் ரெண்டு பேர் ரத்தத்துலயும் மருந்து தாறுமாறா ஏறிக் கெடக்கு, ஆல்கஹால தேடிப் போய் ஜூஸ்ல மாட்டினாங்க! நம்ம பம்ப்ளிமாஸ் அதுக்கு சொந்தக்காரப் பழம், சில கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரையோட ஆகாது, டாக்டர்ட்ட கேட்டுக்குங்க. சுகருக்கு இன்சுலின் போடறவங்க பழம் மட்டும் தின்னுட்டு குடிச்சிட்டு படுத்தா நடுராத்திரி சுகர் கீழ போயிடும், ஏன்னா ஈரல் புதுசா சர்க்கரை செய்யறத ஆல்கஹால் தடுத்துரும், பக்கத்துல இருக்கவங்க போதைல கெடக்கான்னு விட்டுருவாங்க.

துரியனும் சரக்கும் சேர்ந்தா ஆளு காலின்னு மலேசியா, சிங்கப்பூர்ல இருக்கறவங்க சொல்லுவாங்க, குத்தாலத்துலயும் பர்லியார்லயும் துரியன் வாங்குறவங்களும் கேட்டிருப்பீங்க. 2009ல ஜப்பான்ல சுகுபா யூனிவர்சிட்டி ஆளுங்க அந்தப் பழச் சாறு ஆல்கஹால் ஒடைஞ்சு வர்ற அசிட்டால்டிஹைடுங்கற நச்ச சுத்தம் பண்ற என்சைம அமுக்குதுன்னு லேப்ல காட்டினாங்க. அது லேப் சோதனைதான், ஆள் செத்துருவான்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா சேக்காம இருக்கறதே நல்லது.

வாய்ல ஊதற மெஷின ஏமாத்த பழம்ங்கறது தனிக் கூத்து. 2025 ஜூலைல கேரளா பந்தளம் டிப்போல பஸ் டிரைவருங்க நல்லா பழுத்த பலாச்சுளை தின்னுட்டு ஊதினா குடிச்ச மாதிரி ரீடிங் வந்துச்சு, ஒரு சொட்டு குடிக்கல, பழம் புளிச்சு வாய்ல தங்குன ஆல்கஹால்தான். அப்படி வாய்ல நிக்கறது வாய் கொப்புளிச்சு கால் மணி நேரம் போனா போயிடும். குடிச்சவனுக்கு ஆல்கஹால் வர்றது வாய்ல இருந்து இல்ல, ரத்தத்துல இருந்து நுரையீரல் வழியா. நம்ம பங்காளிப் பையன் அன்னிக்கு ஊதியிருந்தா மெஷின்ல நம்பர் வந்திருக்கும், போலீஸ்காரருக்கு கூடவே ஆரஞ்சு வாசமும் வந்திருக்கும்.