தோளை விட்டு இறங்கிய மூன்று கிலோ

டிஎஸ்எல்ஆர் கேமராவின் உடலும் 150-600 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோ. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அதைத் தூக்கி நடந்தே என் தோள் போனது. இப்போது கையில் இருப்பது கேனான் எஸ்எக்ஸ்70, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. எடை சுமார் 610 கிராம், ஜூம் 65 மடங்கு, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 21 முதல் 1365 மி.மீ. வரை.

டிஎஸ்எல்ஆரிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் முதலில் தடுமாறுவது பறவையைத் தேடுவதில்தான். முழு ஜூமில் நாரை கொஞ்சம் நகர்ந்தாலே திரையில் வெறும் வானம். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி, நடுவில் ஒரு கட்டம் தெரியும். பறவையை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுங்கள். ஜூம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பலர் இந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை!

படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள். சென்சார் சிறியது, அதனால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800-ஐத் தாண்டினால் இறகின் நுணுக்கம் கரைந்து போகும். லென்ஸின் ஒளித்துளையையும் (அபெர்ச்சர்) சுருக்க வேண்டாம், படம் இன்னும் மங்கும். காலை வெயிலில் எடுங்கள். உச்சி வெயிலில் தண்ணீருக்கு மேல் அலையும் அனலை எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், கண் வைத்துப் பார்க்கும் மின்திரை பேட்டரியை நன்றாகக் குடிக்கும். உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். பறக்கும் பறவைதான் வேண்டும் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரை விற்றுவிடாதீர்கள். நானும் விற்கவில்லை.