ஷாங்காயில் புதிதாகக் குடியேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வேலைக்காக ஷாங்காய் வந்து சேர்ந்தார். வங்கிக் கணக்குத் திறந்துவிட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார். "பெயரை எப்படிப் பதிந்தார்கள், தம்பி?" என்று கேட்டேன். "கவனிக்கவில்லை, அண்ணா. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. 2015-இல் நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

சாதத்தில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, ஹோட்டலில் டிப்ஸ் தேவையில்லை என்பதெல்லாம் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர்

சீனர்களின் பெயர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்து. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், நடுவே இடைவெளி கிடையாது. நம் பெயரோ தந்தை பெயர், தன் பெயர், இனிஷியல் என்று இடத்துக்கு இடம் உருமாறும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் பலருக்கு வெறுமையாகவே இருக்கிறது. வங்கி ஊழியர் தமக்குப் புரிந்தபடி அதை நிரப்புகிறார். அவர்மேல் குற்றமில்லை, சரிபார்க்க வேண்டியது நாம்.

தந்தை முருகேசன், மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் "செந்தில்குமார்முருகேசன்" என்று ஒட்டி எழுதுகிறார்கள். சிம் கார்டு கடையில் "செந்தில்குமார்" மட்டும். அலுவலகத்தில் "முருகேசன் செந்தில்குமார்". நமக்கு மூன்றும் ஒருவரே. கணினிக்கு மூன்று பேர். இந்நகரில் காய்கறிக் கடை முதல் மெட்ரோ வரை கைபேசியில்தான் பணம் செலுத்துகிறார்கள். வீசாட், அலிபே என்ற பணச் செயலிகளில் எதுவானாலும், வங்கியில் பதிந்த பெயரும் நீங்கள் தட்டச்சு செய்த பெயரும் வங்கியில் கொடுத்த கைபேசி எண்ணும் ஒத்துப்போனால்தான் கணக்கை இணைக்கும். ஒரே ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் இணைக்காது.

என் கதையைச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 8 அன்று வந்தது. அதற்கு முன்பே சம்பளத்தைப் போட்டுவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்று பணம் திரும்பிவிட்டது. யாரும் கவனிக்கும் முன் விடுமுறை தொடங்கி, கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இங்கே வாடகையை மாதாமாதம் கொடுப்பதில்லை. ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்த மூன்று மாத வாடகைக்கு அந்த வாரம்தான் கெடு. வீட்டுக்கார அம்மாள் பொறுத்துக்கொண்டார். அந்த நல்ல மனத்தை இன்றும் நினைக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். அந்த ஆண்டுக் கோடையில் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பப் போனேன். வெளிநாட்டவர் தம் சம்பளத்தை அந்நியச் செலாவணியாக மாற்றி அனுப்ப, வரி கட்டிய சான்றைக் காட்ட வேண்டும். என் வரிச் சான்றில் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர். "நீங்கள்தான் இவர் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டார்கள். கணக்குத் திறந்த கிளைக்கே போகச் சொன்னார்கள். அந்தக் கிளை நகரின் மறுகோடியில். அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் வாங்கி, அதில் ஓர் எழுத்து தவறி, மறுபடி வாங்கி, எல்லாம் சீராக நான்கு மாதமாயிற்று. அண்ணன் கடன் வாங்கி அறுவையை முடித்தார். ஓர் இடைவெளிக்காக அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம் நின்றுபோனதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையையே எல்லா இடத்திலும் கேளுங்கள். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கவுண்ட்டரில் நீட்டுங்கள். முதலில் சிம் கார்டு, அடுத்து வங்கி, அதன் பிறகே பணச் செயலிகள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அச்சான படிவத்தில் எழுத்து, வரிசை, இடைவெளி மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் அவசரப்படாதீர்கள். படிவத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். வசிப்பு அனுமதியில் அந்த மாற்றத்தைப் பதிய 10 நாள்தான் அவகாசம். வங்கி, சிம் கார்டு, ரயில் டிக்கெட் கணக்கு எல்லாவற்றிலும் புது எண்ணைத் தர வேண்டும். அங்கெல்லாம் பழைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

24 மணி நேரம்

ஹோட்டலில் தங்கினால் நீங்கள் தங்கும் இடத்தை அவர்களே காவல் துறையிடம் பதிந்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் காவல் துறையிடம் பதிய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். வீடு மாறினால் மறுபடியும்.

வடக்குப் பார்த்த அறை

வெயிலில் வளர்ந்த நமக்கு நிழலான அறையைக் கண்டால் ஆசை. வாடகையும் குறைவு. எடுக்காதீர்கள். சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கேதான் வீடுகளுக்கு மைய வெப்ப வசதி. ஷாங்காய் தெற்கே இருக்கிறது. பெய்ஜிங்கில் வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கலாம். இங்கே ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஜூன் மாதம் பிளம் மழை என்னும் தொடர் மழைக்காலம் தொடங்கினால் அந்த அறையில் செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். தெற்கு ஜன்னலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் யுவான் வீண் போகாது.

பச்சை மனிதன்

நடப்பவருக்குப் பச்சை விழுந்தாலும் வலப்புறம் திரும்பும் வண்டிகள் வரும். மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி, சில வேளை எதிர்த்திசையிலும் வரும். இந்தியாவில் சாலையைக் கடந்து பழகிய கண் முதலில் தவறான பக்கத்தைத்தான் பார்க்கும். இரு பக்கமும் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

"இறைச்சி வேண்டாம்"

சைவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். 'ரௌ' என்றால் இறைச்சி. வேறு எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் பன்றி இறைச்சி. அது வேண்டாம் என்றால் துண்டுகள் வராது. கோழிச் சாறும் பன்றிக் கொழுப்பும் வரலாம். "வோ ச்சி சூ", அதாவது நான் சைவ உணவுக்காரன் என்று சொல்லுங்கள். பௌத்த மரபு உள்ள ஊர் என்பதால் அது புரியும். எனக்கு மிகவும் பிடித்தது யூஃபோ கோயிலில் கிடைக்கும் சைவ நூடுல்ஸ். காளான் மணத்தோடு சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஊர் ஏக்கம் கொஞ்சம் அடங்கும்.

குப்பை

2019 ஜூலை முதல் நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும். ஈரக் குப்பையைப் பையோடு போடாதீர்கள். கொட்டிவிட்டு, பையை வேறு தொட்டியில் போடுங்கள்.

சனிக்கிழமை

நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாக முன்னும் பின்னும் சில சனி, ஞாயிறுகள் வேலை நாளாகிவிடும். அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பார்க்காமல் ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

அந்த இளைஞரோடு வரும் செவ்வாய்க்கிழமை அவர் கணக்குத் திறந்த கிளைக்குப் போகிறேன். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அவருக்கும் தந்தை பெயரை ஒட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். முதல் சம்பளம் வர இன்னும் 11 நாள் இருக்கிறது.