ஆர்டி 350: ஒரு பக்கம் மிஸ் ஆனால் செய்யக்கூடாதவை

எஸ்கார்ட்ஸ் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 பைக்கை ஆர்டி 350 என்பார்கள். அதன் 347 சிசி இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சுவிட்சான பாயின்ட், அதன் கண்டென்சர், கார்புரேட்டர் எல்லாம் பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் மிஸ் ஆனால், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனையையும் ஒரே மூச்சில் புதிதாக மாற்றுகிறவர்கள் இந்த வசதியைத்தான் வீணாக்குகிறார்கள்.

எந்தப் பக்கம் என்று பார்க்க, ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்காதீர்கள். ஷாக் அடிப்பது இருக்கட்டும், வெளியேற வழியில்லாத மின்சாரம் காயிலின் இன்சுலேஷனையே துளைத்துவிடும். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, சற்று நேரத்தில் இரண்டு சைலன்சர் வளைவுகளிலும் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியாகாத பக்கம்தான் எரியவில்லை.

பிறகு பிளக்குகளை இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றம் பிளக்கில். மாறாவிட்டால் பிளக் கேப், அதற்கும் அடங்காவிட்டால் காயில். காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: பிளக்குக்குப் போகும் தடித்த வயர்களை மட்டும் மாற்றிவிட்டு, பாயின்ட்டிலிருந்து வரும் மெல்லிய வயர்களை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கிராங்க் 180 டிகிரி, ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். ஒரு ஜோடியை மட்டும் மாற்றினால் பிஸ்டன் கீழே கிடக்கும்போது ஸ்பார்க் விழும், இஞ்சின் எடுக்காது. இரண்டு ஜோடியையும் மாற்ற வேண்டும்.

வெளியே எடுத்த பிளக்கில் ஸ்பார்க் தெரிந்தால் இக்னிஷன் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். கம்ப்ரஷனுக்குள் ஸ்பார்க் தாண்டுவது கடினம். சோதிக்கும்போது பிளக்கை ஹெட்டில் எர்த் செய்து, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், தீப்பிடிக்கும். பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அதைத் தொட்டால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும் நகரும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். பாயின்ட் முனைகளில் பளிச்சென்று நெருப்பு பறந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

கோளாறு ஆர்பிஎம்மை, அதாவது இஞ்சின் சுழலும் வேகத்தைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். ஆக்சிலேட்டர் திறந்த அளவைப் பின்தொடர்ந்தால் கார்புரேட்டர். ஐடிலிலும் கால் ஆக்சிலேட்டரிலும் மட்டும் மிஸ் என்றால் பைலட் ஜெட், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை. அதைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும். சோக் பிளஞ்சர் ஒரு பக்கம் முழுதாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், அற்ப விஷயம்தான், ஆனால் அடிக்கடி விட்டுப்போகும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கிராங்க் சீல், கிராங்கின் இரு முனைகளிலும் காற்றும் ஆயிலும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். வலது பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபடும்: அந்தச் சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை, கியர்பாக்ஸில் ஆயில் குறையும். ஆல்டர்னேட்டர் இருக்கும் இடது பக்க சீல் காற்றை இழுக்கும். ஐடில் தானாக ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே இறங்காது, பிளக் வெளுக்கும். இதைக் கூடுதல் பெட்ரோல் விடும் பெரிய மெயின் ஜெட் போட்டு மறைப்பவர்கள் உண்டு. அந்த இடது பிஸ்டன் நெடுஞ்சாலை வேகத்தில் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும்.