"தவறான உள்ளீடு" வேண்டாமே: ஆன்லைன் ஃபார்மில் பிழைச் செய்தி எழுதுவது எப்படி?

போன வாரம் காட்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மகளுக்காக விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்று முறை அழுத்தியும் சிவப்பில் அதே வரிதான்: "நீங்கள் தவறான தகவலை உள்ளிட்டுள்ளீர்கள்." "நான் இன்னாப்பா தப்பா போட்டேன், அவ பேருதானே?" என்றார். பார்த்தால், இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளியை அந்தக் கட்டம் ஏற்கவில்லை. நம்மூரில் இனிஷியலுக்குப் புள்ளி வைக்காதவர் எத்தனை பேர்?

அதனால் முதல் வேலை, அந்தச் செய்தியே தேவைதானா என்று பார்ப்பது. புள்ளியை ஏற்றுக்கொண்டால் போச்சு. மொபைல் எண்ணின் நடுவில் இடைவெளி விட்டாலோ முன்னால் +91 போட்டாலோ, அதை புரோகிராமே நீக்கிவிட்டு மிச்சம் 10 இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

அப்படியும் செய்தி தேவைப்பட்டால், "தவறு", "செல்லாது" இரண்டையும் தூக்கிவிட்டு, கட்டத்துக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். "தவறான பின்கோடு" என்பதற்குப் பதில்: "பின்கோடில் 6 இலக்கம் வேண்டும், இப்போது 5 இருக்கிறது. உதாரணம்: 632007."

மாவட்டம் கேட்கும் இடத்தில் இன்னும் கவனம். 2019-இல் வேலூரைப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனால் ஆம்பூர்க்காரர் கையில் இருக்கும் பழைய சான்றிதழில் வேலூர் என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துத்தானே அவர் நிரப்புவார்? "ஊரும் மாவட்டமும் பொருந்தவில்லை" என்று சொல்லி நிறுத்தாமல், "ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. மாற்றிவிடலாமா?" என்று கேட்டு, கீழேயே ஒரு பட்டன் வையுங்கள்.

அப்புறம், செய்தி அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே வரட்டும், அதுவும் நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போன பிறகு. சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் நிரப்புவார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் படிப்பதற்கு, செய்தியை aria-describedby என்ற HTML அட்ரிபியூட் மூலம் கட்டத்தோடு இணையுங்கள். ஏற்கெனவே நிரப்பியதை மட்டும் அழித்துவிடாதீர்கள், அது பெரும் பாவம்.

சர்வர் படுத்துவிட்டால் "எங்கள் பக்கம் கோளாறு" என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும், கம்ப்யூட்டர் பக்கமே வராத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். மேலே உள்ள பின்கோடு செய்தியை என் அம்மாவிடம் காட்டினேன். "இலக்கம்னா நம்பரா?" என்றார். சரி, நம்பர் என்றே மாற்றிவிட்டேன்.