குறைந்த செலவில் கேமிங் கணினி: ப்ராசசரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது, ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் அவனுக்கொரு கேமிங் கணினி அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணினியின் மூளையான ப்ராசசரைத் தேர்ந்தெடுக்க நான் பின்பற்றிய வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன். உதிரிப்பாகங்களைப் பொருத்துவதைக் காட்டும் காணொளிகள் தமிழிலேயே ஏராளமாக இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதற்படி, என்ன விளையாடப் போகிறோம், எந்த மானிட்டரில் விளையாடப் போகிறோம் என்பதை முடிவு செய்வது. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரில் ஆடுபவருக்கு ப்ராசசரின் வேகம் முக்கியம். 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பெரிய கதை விளையாட்டுகளை ஆடுபவர் ப்ராசசருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரையில் தெரியாது. அதைத் திரைக்காட்சியை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதே நல்லது.

இரண்டாம் படி, விலைப்பட்டியலில் ப்ராசசரின் முழு எண்ணையும் கேட்டு வாங்குவது. வெறும் "ஐ5" என்று எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 2012-இல் வந்த ஐ5-3470 நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைவரிசை) மட்டுமே கொண்டது. டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமில் ஓடுவது. 2022-இல் வந்த ஐ3-12100எஃப், பெயரில் ஒரு படி கீழே இருந்தாலும், எட்டு த்ரெட்டுகளுடன் அதை எளிதாக முந்திவிடும். மேலும், இன்டெல் ப்ராசசர்களில் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு உண்டு. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். பழைய ப்ராசசரைப் புதிய கேபினட்டில் வைத்து வண்ண விளக்குப் போட்டுக் கொடுத்தாலும் இந்தத் தடைகள் நீங்குவதில்லை.

மூன்றாம் படியில் ப்ராசசரின் விலையைத் தனியாகப் பார்க்காமல், மதர்போர்டு, ரேம் இரண்டின் விலையையும் அதனோடு கூட்டிப் பார்க்க வேண்டும். தன் ப்ராசசர்களைப் பொருத்தும் புதிய இடமான ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்குப் பின்னரும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால் அது நீண்டநாள் நோக்கில் சிறந்ததுதான். ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும், 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியபின் நம் பட்ஜெட்டில் அது பெரும்பாலும் அடங்காது. டிடிஆர்4 ரேமும் விலையேறியதே என்றாலும், பழைய கணினியிலிருந்து கழற்றியதோ தெரிந்தவரிடம் சும்மா கிடப்பதோ கிடைத்தால் ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டிலோ இன்டெலுக்கான டிடிஆர்4 வகை எச்610 போர்டிலோ போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே என் பட்டியலில் மிஞ்சியவை ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5-12400எஃப் இரண்டும்தான். இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்டவை. போர்டோடு சேர்த்து எந்த ஜோடி குறைவாக வருகிறதோ அதை வாங்குங்கள். எனக்கு 5600 பிடிக்கும். சற்று மலிவான ரைசன் 5 5500-ஐ நான் பரிந்துரைப்பதில்லை. 5600-இல் 32 எம்பி இருக்கும் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அதில் 16 எம்பி மட்டுமே. போதாததற்கு, கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையில் அது 3.0 பதிப்பைத் தாண்டாது. அந்தப் பாதையில் நான்கு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டை அதனோடு சேர்த்தால் கார்டின் வேகமும் குறையும்.

போர்டு அந்த ப்ராசசரை ஏற்குமா என்று பார்க்கும் நான்காம் படிதான் என்னைப் பல நாள் நிறுத்தி வைத்தது. இணையத்தில் வாங்கிய ஏஎம்4 போர்டில் 5600-ஐப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் மின்விசிறிகள் சுழன்றன; திரையில் ஒன்றும் வரவில்லை. ரேமை மாற்றி மாற்றிச் செருகியும் பயனில்லை. காரணம் போர்டின் பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். சாக்கெட் ஒன்றே என்பதால் எந்த ஏஎம்4 ப்ராசசரும் எந்த ஏஎம்4 போர்டிலும் இயங்கிவிடாது. 5600 வந்தது 2022 ஏப்ரலில், அதற்கு முன்பே தயாராகிக் கடையில் தேங்கிய பி450 போர்டுகளுக்கு மட்டுமின்றிச் சில பி550 போர்டுகளுக்கும் அந்த ப்ராசசர் இன்னதென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி இயங்க வேண்டும், கணினி இயங்கப் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும் என்ற சுழலில் மாட்டிக்கொள்வோம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வாங்குமுன் போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் ப்ராசசர் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசசருக்கு எதிரே எழுதியுள்ள பயாஸ் பதிப்பைக் குறித்துக்கொண்டு, பில் போடுவதற்கு முன்பே அந்தப் பதிப்பை ஏற்றித் தரும்படி கடைக்காரரிடம் கேட்கலாம். காரைக்குடியிலேயே வாங்குவதில் இருக்கும் பெரிய வசதி இதுதான். சில நூறு ரூபாய் கூடினாலும் போர்டை மட்டும் உள்ளூரில் வாங்குங்கள் என்பேன். அல்லது, ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் புதுப்பிக்க உதவும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டைத் தேடலாம். இரண்டும் இயலாதவர் 12400எஃப் பக்கம் போய்விடலாம். எச்610, பி660 போர்டுகள் பன்னிரண்டாம் தலைமுறைக்காகவே வந்தவை என்பதால் இந்தச் சிக்கல் எழாது. பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகளை அதே போர்டுகளில் போட நினைத்தால் மட்டும் பயாஸ் பதிப்பைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் வரும் ப்ராசசரையே வாங்குங்கள். தட்டில் வரும் ட்ரே வகையில் கூலர் இருக்காது, உத்தரவாதமும் விற்றவரின் சொல்லைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் மாடியில் மொட்டை வெயில் இறங்கும் காங்கிரீட் அறையில் கணினியை வைப்பவர்கள், பெட்டியோடு வரும் கூலருக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய கூலர் ஒன்றுக்கும் பணம் ஒதுக்கலாம். சுண்ணாம்புச் சுவர் கொண்ட பழைய வீட்டின் கீழ்த்தள அறைக்கு அது தேவைப்படுவதில்லை.

பின்னர்ச் சேர்த்தது: இதைப் படித்த இருவர், எல்லாம் சரியாகப் பொருத்தியும் திரை கறுப்பாகவே இருப்பதாக எழுதியிருந்தார்கள். இருவருமே எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தார்கள். 12400எஃப், 5500, 5600 எதிலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட வேண்டும். இன்னொருவர் கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாமா என்று கேட்டார். அப்படியானால் அவர் பார்க்க வேண்டியது உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி. ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்கினால் அதன் விளையாட்டு வேகம் கண்கூடாகக் கூடும்.