தபால்தலையில் இருக்கும் பாய்மரப் போர்க்கப்பலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

தபால்தலைக்குக் கீழே அந்தக் கப்பலின் கதையை நாலு வரி எழுதி வைத்தால் ஆல்பத்தின் களையே மாறிவிடும். அந்த ஆசையில் ஒரு பக்கம் முழுக்க வேறொரு கப்பலின் வரலாற்றை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தவன் நான். அந்த அனுபவத்தில் உருவான செய்முறை இது. ட்வீசரால் எடுப்பது, மவுண்ட் ஒட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

1. பெரிதாக்கிப் பாருங்கள்

பத்து மடங்கு லென்ஸ் போதும். மொபைல் கேமராவை நம்பாதீர்கள், கயிறுகள் எல்லாம் குழம்பித் தெரியும். எனக்குப் பிடித்தது ஸ்கேனர்தான். 1200 டிபிஐ வைத்தால் கொடியின் மடிப்பு வரை தெரியும். செதுக்கு அச்சில் (உலோகத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சிடும் முறை) வந்த தபால்தலை என்றால் இன்னும் நல்லது.

2. கேட்டலாக் எண்ணைக் குறியுங்கள்

கேட்டலாக் என்பது தபால்தலைகளை எண்ணிட்டுப் பட்டியலிடும் நூல். ஸ்காட், ஸ்டான்லி கிப்பன்ஸ், மிஷெல் என ஒவ்வொன்றிலும் எண் வேறு. எதில் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியான ஆண்டும் வெளியிட்ட காரணமும் கட்டாயம் வேண்டும். ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

3. அதே பெயரில் எத்தனை கப்பல்?

நான் சறுக்கிய இடம் இதுதான். 2004இல் அமெரிக்கா வெளியிட்ட 37 சென்ட் தலையில் யுஎஸ்எஸ் கான்ஸ்டலேஷன். பெயரைப் பார்த்ததும் தேடினேன், கிடைத்தது, எழுதிவிட்டேன்: 1797இல் பால்டிமோரில் கடலில் இறங்கிய ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்), 1799இல் பிரெஞ்சுக் கப்பல் லான்சுர்ஜாந்தைப் பிடித்தது என்று. எல்லாமே உண்மை. ஆனால் தலையில் இருப்பது அந்தக் கப்பல் இல்லை!

பழைய ஃபிரிகேட்டை 1853இல் பிரித்துப் போட்டார்கள். 1854இல் அதே பெயரில் புதிதாக ஒரு ஸ்லூப் (ஃபிரிகேட்டுக்கு அடுத்த படியில் வைக்கப்பட்ட போர்க்கப்பல் வகை) கடலில் இறங்கியது. பால்டிமோர் துறைமுகத்தில் இன்று நிற்பது அதுதான். 1860இல் ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு அப்பால் 'கோரா' என்ற அடிமைக் கப்பலைப் பிடித்து 705 பேரை மீட்டதும் அதுவே. துப்பு என் கண் முன்னாலேயே இருந்தது: தலை வந்தது 2004இல், கப்பல் கடலில் இறங்கிய 150ஆம் ஆண்டு நினைவாக. கழித்துப் பார்த்திருந்தால் 1854 வந்திருக்கும். பல காலம் அந்த இரண்டையும் ஒரே கப்பல் என்று வாதிட்டவர்களும் உண்டு என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கழித்தல் கணக்கு நேராகப் பொருந்தும் தலையும் உண்டு. 1947 அமெரிக்க 3 சென்ட் தலையில் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன். இதுவும் 150ஆம் ஆண்டு நினைவாக வந்ததுதான். 150ஐக் கழித்தால் 1797, அது கடலில் இறங்கிய ஆண்டு. ஆகவே பெயரோடு ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

4. கொடியைச் சோதியுங்கள்

பிரிட்டிஷ் கப்பல் என்றால் இது சுவாரசியமான வேலை. யூனியன் கொடியில் (பிரிட்டனின் தேசியக் கொடி) மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் சிவப்புக் கோடுகள் 1801இல்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய காட்சியில் அவை இருந்தால் ஓவியர் தவறிவிட்டார் என்று அர்த்தம். சிவப்புக் கொடி பறந்தால், இன்று அது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் கொடி என்பதால் மட்டும் அவசரப்பட்டு 'வணிகக் கப்பல்' என்று எழுதிவிடாதீர்கள். 1864 வரை பிரிட்டிஷ் கடற்படை சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் பயன்படுத்தியது.

5. நாலு வரி எழுதுங்கள்

எங்கே கட்டினார்கள், எத்தனை பீரங்கி, ஒரே ஒரு சம்பவம், முடிவு. அவ்வளவுதான். உதாரணமாக, பசிபிக்கில் உள்ள பிட்கெய்ர்ன் தீவின் தலைகளில் அடிக்கடி வரும் பவுண்டி கப்பல்: 1784இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் 'பெத்தியா' என்ற பெயரில் கட்டிய வணிகக் கப்பல், 1787இல் கடற்படை வாங்கியது, 1789இல் மாலுமிகளின் கலகம், 1790இல் கலகக்காரர்களே பிட்கெய்ர்னில் கொளுத்திவிட்டார்கள். போர்களின் பட்டியலை அடுக்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுதிய என் கான்ஸ்டலேஷன் பக்கத்தைக் கிழித்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் கேட்டார்: "கேப்டன் குக்கின் கப்பலான எண்டெவரை 'பார்க்' என்கிறார்களே, தலையில் பின் பாய்மரத்திலும் சதுரப் பாய் இருக்கிறதே, படம் தப்பா?" நல்ல கேள்வி, நான் எழுத மறந்தது. இன்று பார்க் என்றால் பின் பாய்மரத்தில் சதுரப் பாய் இல்லாத கப்பல். குக் புறப்பட்ட 1768இல் அந்தச் சொல் பாயமைப்பைக் குறிக்கவில்லை, உடற்பகுதியின் வடிவத்தைக் குறித்தது. எண்டெவர் அடிப்படையில் மொக்கையான முகப்புள்ள நிலக்கரிக் கப்பல். மூன்று பாய்மரங்களிலும் சதுரப் பாய் கொண்டது. படம் சரிதான். ஆல்பத்தில் 'பார்க்' என்று எழுதினால், பக்கத்திலேயே 'உடற்பகுதியின் வகை' என்று சின்னதாகக் குறித்துவிடுங்கள்.